ஒரே நிரல், வெவ்வேறு லினக்ஸ்: சார்புகளைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்புகளாகச் சேர்த்துவைத்திருப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே எதையும் தேட முடியாது. ஒவ்வொரு பக்கமும் வெறும் படம். அந்தப் படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு, தேடவும் நகலெடுக்கவும் ஏற்ற உரையைப் பக்கத்தோடு இணைத்துத் தருகிறது ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கட்டற்ற மென்பொருள். அதை நிறுவும் வழியை யாரோ உபுண்டுவுக்கு எழுதிவைத்திருப்பார். அதே வரியை ஃபெடோராவில் கொடுத்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது. ஆர்ச்சில் பொதியின் (நிறுவ ஏற்றபடி கட்டிவைத்த மென்பொருளின்) பெயரே வேறு. ஒருவழியாக நிறுவி முடித்தாலும் தமிழ்த் தரவு கிடைக்கவில்லை என்று வேலை பாதியில் நின்றுவிடுகிறது.

இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஒவ்வொன்றும் மென்பொருளைப் பிரித்துக் கட்டுவதில் தனி வழக்கம் வைத்திருக்கின்றன. அந்த வழக்கத்தைப் புரிந்துகொண்டால் எந்த வழங்கலிலும் எந்த நிரலையும் நிறுவிவிடலாம். ஓசிஆர்மைபிடிஎஃப்பையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒன்று: கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (டெர்மினலில்) அவற்றை ஆங்கில எழுத்துகளில் கொடுக்கவேண்டும்.

ஒரு நிரலுக்குள் எத்தனை நிரல்கள்

ஓசிஆர்மைபிடிஎஃப் பைத்தானில் எழுதப்பட்டது. ஆனால் எழுத்தை அடையாளம் காணும் வேலையை அது தானே செய்வதில்லை. அதற்கு டெசராக்ட்டை அழைக்கிறது. டெசராக்ட் சி++ மொழியில் எழுதப்பட்டது. எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1985இல் தொடங்கி, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. படத்தைத் திறக்கவும் சீர்செய்யவும் டெசராக்ட்டுக்கு லெப்டோனிகா என்ற நிரலகம் (பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் லைப்ரரி) வேண்டும். பிடிஎஃப்பைப் படமாக மாற்றவும், நெடுங்காலம் காப்பதற்கான பிடிஎஃப்-ஏ வடிவில் எழுதவும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வழக்கமாகப் பயன்படுகிறது. தமிழ் எழுத்துகளுக்கான பயிற்சித் தரவு இன்னொரு தனிக் கோப்பு. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஏறத்தாழ எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் சி நிரலகமான ஜிலிப்சி.

இவற்றைத்தான் சார்புகள் என்கிறோம். ஒன்றை எழுதியவருக்கும் மற்றொன்றை எழுதியவருக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். அவர்கள் புதுப் பதிப்பு வெளியிடும் காலமும் வேறு வேறு. இவை அனைத்தையும் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாகத் தேர்ந்து, சோதித்து, ஒரு களஞ்சியத்தில் வைப்பதுதான் ஒரு வழங்கலின் முதன்மையான பணி. டெபியன் 1993 முதல் இதைச் செய்துவருகிறது, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில். இந்த உழைப்பை மதித்துப் பயன்படுத்துவதே சார்புச் சிக்கலைத் தவிர்க்கும் எளிய வழி. நான் இதை உறுதியாக நம்புகிறேன்.

அதிலிருந்து ஒரே ஒரு விதி பிறக்கிறது: கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் இருப்பவற்றுக்குப் பொறுப்பாளர் உங்கள் வழங்கலின் பொதி மேலாளர், அதாவது பொதிகளை நிறுவவும் நீக்கவும் அது தரும் கருவி. வேறு எதுவும், யாரும் அங்கே கைவைக்கக் கூடாது. சிக்கிக்கொண்ட கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆராய்ந்தால், ஏதோ ஒரு கோப்புக்கு இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பதைக் காண்பீர்கள்.

ஒரு கோப்பு யாருடையது என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம். டெபியன் குடும்பத்தில் 'டிபிகேஜி -எஸ்' என்று கொடுத்துக் கோப்பின் முழுப் பாதையைத் தரவேண்டும். ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் 'ஆர்பிஎம் -கியூஎஃப்'. ஆர்ச்சில் 'பேக்மேன் -கியூஓ'. இதில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது. ஆர்பிஎம்மில் இரண்டும் சிறிய எழுத்துகள், டிபிகேஜியில் எஸ் பெரியது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி மர்மங்கள் விலகிவிடும்.

முதல் படி: உங்கள் வழங்கல் எது?

'எட்சி' கோப்புறையில் 'ஓஎஸ்-ரிலீஸ்' என்றொரு கோப்பு இருக்கிறது. 'கேட்' கட்டளையால் அதைத் திறந்து படியுங்கள். 'ஐடி' என்ற வரி வழங்கலின் பெயர். 'வெர்ஷன்_ஐடி' பதிப்பு எண். 'ஐடி_லைக்' என்ற வரி இருந்தால், அது எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். லினக்ஸ் மின்ட்டில் அந்த வரியில் உபுண்டுவின் பெயர் இருக்கும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. ஆகவே டெபியனுக்கான பொதிப் பெயர்களை அங்கும் முதலில் முயலலாம்.

குடும்பம் ஒன்று என்பதால் பதிப்பும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். உபுண்டு 22.04க்காகக் கட்டிய பொதி டெபியன் 12இல் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் '.டெப்' வடிவம்தான், உள்ளே எதிர்பார்க்கும் நிரலகப் பதிப்புகள் வேறு.

ஆல்பைன் லினக்ஸைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும். அங்கே ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் என்ற வேறொரு சி நிரலகம் இருக்கிறது. மற்ற வழங்கல்களுக்காகத் தொகுத்த (கம்பைல் செய்த) நிரல்கள் பெரும்பாலும் அங்கே அப்படியே ஓடாது.

இரண்டாம் படி: பட்டியலைப் புதுப்பித்துவிட்டுக் கேளுங்கள்

டெபியன், உபுண்டு, மின்ட்: முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. இது எதையும் நிறுவுவதில்லை. களஞ்சியத்தில் இப்போது என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்குகிறது. பிறகு 'ஆப்ட் சர்ச் டெசராக்ட்'. குறிப்பிட்ட பொதி எந்தக் களஞ்சியத்திலிருந்து, எந்தப் பதிப்பில் வரப்போகிறது என்று பார்க்க 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று கொடுத்துப் பொதியின் பெயரைத் தாருங்கள்.

ஃபெடோராவில் பட்டியலை அதன் பொதி மேலாளரான டிஎன்எஃப் தானே புதுப்பித்துக்கொள்ளும். 'டிஎன்எஃப் சர்ச்', 'டிஎன்எஃப் இன்ஃபோ' இரண்டும் போதும். ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆர்ஹெல், அதன் வழிவந்த ராக்கி, அல்மா ஆகியவற்றில் தேடியது கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம்; ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தை இயக்கிவிட்டு மறுபடி தேடுங்கள். மென்பொருள் தொகுக்கத் தேவையான பல பொதிகள் அங்கே சிஆர்பி என்ற களஞ்சியத்தில் இருக்கும். அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்.

ஓப்பன்சூசேயில் பொதி மேலாளர் ஸிப்பர். லீப் பதிப்பில் அன்றாட மேம்படுத்தலுக்கு 'ஸிப்பர் அப்டேட்'. தொடர்ந்து உருளும் டம்பிள்வீடில் 'ஸிப்பர் டப்'.

ஆர்ச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அங்கே பதிப்பு எண் கிடையாது; களஞ்சியம் முழுவதும் ஒன்றாக முன்னேறிக்கொண்டே இருக்கும். 'பேக்மேன் -எஸ்ஒய்' என்று கொடுத்து ஒரு பொதியை மட்டும் நிறுவினால் என்ன ஆகும்? பட்டியல் இன்றையது. நிறுவும் பொதியும் இன்றையது. கணினியில் உள்ள மற்ற நிரலகங்களோ போன மாதத்தவை. புதிய பொதி புதிய நிரலகத்தை எதிர்பார்க்கும். அல்லது புதிதாக வந்த நிரலகம் பழைய நிரல்களை முடக்கும். இந்த அரைகுறை மேம்படுத்தலை ஆர்ச் ஆதரிப்பதில்லை என்று அதன் ஆவணங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. எப்போதும் 'பேக்மேன் -எஸ்ஒய்யூ' என்று முழுதாக மேம்படுத்துங்கள். நிறுவவேண்டிய பொதியின் பெயரையும் அதே வரியில் சேர்க்கலாம். இதில் முதல் எஸ் மட்டும் பெரிய எழுத்து.

மூன்றாம் படி: நிறுவுதல்

டெபியன் குடும்பத்தில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்'. ஃபெடோராவில் 'சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப் டெசராக்ட்-லாங்பேக்-டாம்'. ஆர்ச்சில் 'சூடோ பேக்மேன் -எஸ்ஒய்யூ டெசராக்ட் டெசராக்ட்-டேட்டா-டாம் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பைத்தான்-பிப்எக்ஸ்'. அதன்பின் ஓசிஆர்மைபிடிஎஃப்பைப் பிப்எக்ஸ் வழியாக நிறுவலாம். அந்த வழியைச் சற்றுக் கீழே பார்ப்போம்.

ஒரே தரவுக்கு மூன்று பெயர்கள் இருப்பதைக் கவனியுங்கள். அது போய்ச் சேரும் இடமும் ஒன்றல்ல. டெபியன் 12இல் 'யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/5/டெஸ்டேட்டா', ஃபெடோராவில் 'யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்/டெஸ்டேட்டா', ஆர்ச்சில் 'யூஎஸ்ஆர்/ஷேர்/டெஸ்டேட்டா'. எங்கோ படித்த பாதையில் தரவுக் கோப்பைக் கையால் நகலெடுத்துப் போட்டால் டெசராக்ட் அதைக் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான். பொதி மேலாளருக்குச் சரியான இடம் தெரியும், அதனிடமே விட்டுவிடுங்கள்.

ஆர்ச்சில் ஓர் எச்சரிக்கை. 'டெசராக்ட்' என்று மட்டும் கொடுத்தால், நூற்றுக்கும் மேற்பட்ட மொழித் தரவுகளைப் பட்டியலிட்டு எது வேண்டும் என்று பேக்மேன் கேட்கும். அகரவரிசையில் முதலாவதாக இருப்பது தென்னாப்பிரிக்காவில் பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழி. படிக்காமல் என்டரைத் தட்டினால் அதுதான் வந்து சேரும். மேலே காட்டியதுபோலத் தமிழ்த் தரவையும் அதே வரியில் கேட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

நிறுவியதும் 'டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்' என்று கேளுங்கள். பட்டியலில் 'டாம்' இருக்கவேண்டும். ஆங்கிலமும் கலந்து வரும் நூலானால் ஆங்கிலத்துக்கான 'இங்' தரவும் வேண்டும். டெபியனில் அது டெசராக்ட்டோடு தானே வந்துவிடும். ஆர்ச்சில் நீங்கள் கேட்டால்தான் வரும். பிறகு 'ஓசிஆர்மைபிடிஎஃப் -எல் டாம்+இங்' என்று கொடுத்து, மூலக் கோப்பின் பெயரையும் வெளியீட்டுக் கோப்பின் பெயரையும் தாருங்கள்.

இங்கே இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. சார்புகளில் கட்டாயமானவை உண்டு, பரிந்துரைக்கப்படுபவை உண்டு. ஓசிஆர்மைபிடிஎஃப்பில் பக்கத்தின் அழுக்கைத் துடைக்கும் வசதிக்கு அன்பேப்பர் வேண்டும். கோப்பின் அளவை நன்றாகச் சுருக்க பிஎன்ஜிகுவான்ட் உதவும். இரண்டும் இல்லாமலும் நிரல் ஓடும். டெபியனும் ஃபெடோராவும் பரிந்துரைக்கப்பட்ட பொதிகளை இயல்பாகவே சேர்த்து நிறுவுகின்றன. ஆர்ச் அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. தேவையென்றால் நீங்கள்தான் கேட்கவேண்டும். நண்பர் கணினியில் ஓடும் வசதி உங்கள் கணினியில் ஓடவில்லையென்றால், இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தாலும், முதலில் ஐயப்படவேண்டியது இதைத்தான்.

'ஒய்' தட்டுமுன் படிக்கவேண்டிய பகுதி

பொதி மேலாளர் வேலையைத் தொடங்குமுன் ஒரு பட்டியல் காட்டி ஒப்புதல் கேட்கும். என்ன சேரப்போகிறது என்பதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். என்ன நீங்கப்போகிறது என்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஒரு சிறு கருவியை நிறுவக் கேட்கும்போது பத்துப் பொதிகள் நீங்கும் என்றால், உங்கள் கணினியில் ஏதோ முரண்பாடு இருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற புகழ்பெற்ற யூடியூப் படைப்பாளர் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். அப்போதைய பொதிப் பிழை ஒன்றால், அதை நிறுவினால் திரைமேசைச் (டெஸ்க்டாப்) சூழலே நீங்கும் என்ற நிலை. ஆப்ட் தெளிவாக எச்சரித்து, தொடர்வதானால் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யும்படி கேட்டது. அவர் செய்தார், திரைமேசை போயிற்று. லட்சக்கணக்கானோர் அதைக் காணொளியில் பார்த்தார்கள். எச்சரிக்கை திரையில்தான் இருந்தது. ஆனால் நீண்ட பட்டியலுக்கு நடுவே அது புதியவர் கண்ணில் படும்படி இல்லை என்பதும் உண்மை. ஆப்ட் உருவாக்குநர்கள் அதன்பின் அந்த வழியை இன்னும் கடினமாக்கினார்கள்.

இதுபோன்ற இன்னொரு பொறி: உபுண்டு 22.04 முதல் ஆப்இமேஜ் கோப்புகள் (நிறுவாமலே ஓட்டக்கூடிய ஒற்றைக் கோப்புச் செயலிகள்) பல இயங்காமல், 'லிப்ஃப்யூஸ்' இரண்டாம் பதிப்பு இல்லை என்ற பிழை வரும். 22.04இல் நிறுவவேண்டிய பொதி 'லிப்ஃப்யூஸ்2'. அதற்குப் பதிலாக 'ஃப்யூஸ்' என்ற பொதியைக் கேட்டால், திரைமேசைக்குத் தேவையான மூன்றாம் பதிப்பை அது வெளியேற்றக்கூடும். 24.04இல் அதே பொதிக்கு 'லிப்ஃப்யூஸ்2டி64' என்று பெயர். 2038 ஜனவரியில் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும். அதற்கு முன்னேற்பாடாக டெபியனும் உபுண்டுவும் பல நிரலகங்களை மறுபடி தொகுத்து, பெயரின் இறுதியில் 'டி64' சேர்த்தன. பழைய வழிகாட்டியில் உள்ள பெயர் புதிய பதிப்பில் கிடைக்காவிட்டால் இந்த ஒட்டோடு தேடிப்பாருங்கள்.

எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்க ஆப்ட்டில் '-எஸ்' (சிறிய எழுத்து) என்ற தேர்வு இருக்கிறது. டிஎன்எஃப்பில் செய்ததைத் திருப்பவும் வழி உண்டு: 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' என்று கேட்டால் நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் காட்டும், 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' என்று கொடுத்து அந்த எண்ணைத் தந்தால் அந்த மாற்றத்தை மட்டும் பின்வாங்க முயலும்.

பெயர் தெரியாதபோது கோப்பைக் கொண்டு தேடுதல்

மூல நிரலிலிருந்து ஒன்றைத் தொகுக்கும்போது, 'லெப்டோனிகா/ஆல்ஹெடர்ஸ்.எச் கிடைக்கவில்லை' என்று பிழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லெப்டோனிகா கணினியில் இருக்கிறது, டெசராக்ட்டே ஓடுகிறது. பிறகு ஏன் பிழை? ஓடுவதற்கு வேண்டியது நிரலகம். தொகுப்பதற்கு வேண்டியது அதன் தலைப்புக் கோப்புகள். டெபியனும் ஃபெடோராவும் இரண்டையும் தனிப் பொதிகளாகப் பிரித்துவைத்திருக்கின்றன, தொகுக்காதவர்களின் கணினியில் இடம் வீணாகாதிருக்க. டெபியனில் பொதிப் பெயரின் இறுதியில் '-டெவ்' வரும்: 'லிப்லெப்டோனிகா-டெவ்', 'லிப்டெசராக்ட்-டெவ்'. ஃபெடோராவில் '-டெவெல்': 'லெப்டோனிகா-டெவெல்', 'டெசராக்ட்-டெவெல்'. ஆர்ச்சில் பிரிவே இல்லை. 'லெப்டோனிகா' பொதிக்குள் தலைப்புக் கோப்புகளும் இருக்கும்.

பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிழைச் செய்தியில் உள்ள கோப்பின் பெயரைக் கொடுத்து, அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று கேளுங்கள். டெபியனில் 'ஆப்ட்-ஃபைல்' என்ற கருவியை நிறுவி, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' கொடுத்துவிட்டு, 'ஆப்ட்-ஃபைல் சர்ச் ஆல்ஹெடர்ஸ்.எச்'. ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்' என்று கொடுத்து, கோப்பின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் சாய்கோடும் இட்டு மேற்கோளுக்குள் தாருங்கள். ஆர்ச்சில் 'பேக்மேன் -எஃப்ஒய்' ஒருமுறை, பிறகு 'பேக்மேன் -எஃப்' உடன் கோப்பின் பெயர். எஃப் பெரிய எழுத்து. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வழங்கல் மாறினாலும், பத்தாண்டு கழிந்தாலும் இந்தக் கேள்வி பயன்படும்.

சி, சி++ தொகுப்பிக்கும் அடிப்படைக் கருவிகளுக்கும் ஒரே சொல்லில் நிறுவும் வழி இருக்கிறது: டெபியனில் 'பில்ட்-எசென்ஷியல்', ஆர்ச்சில் 'பேஸ்-டெவெல்', ஆல்பைனில் 'பில்ட்-பேஸ்', ஃபெடோராவில் 'டெவலப்மென்ட்-டூல்ஸ்' என்ற குழு.

பிழைச் செய்தி எந்த அடுக்கைச் சொல்கிறது?

'பகிர்வு நிரலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற பொருளில், '.எஸ்ஓ' என்று முடியும் பெயரோடு வரும் பிழையை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள எண்தான் முக்கியம். 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1' என்பதும் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3' என்பதும் ஒரே மென்பொருளின் இரு தலைமுறைகள். எண் மாறினால், பழையதை நம்பித் தொகுத்த நிரல் புதியதோடு பேச முடியாது என்று உருவாக்குநர்களே அறிவிக்கிறார்கள் என்று பொருள்.

2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, 1.1ஐ நம்பியிருந்த நிரல்கள் பல இந்தப் பிழையோடு நின்றன. அப்போது பரவிய தீர்வுகள் இரண்டு; இரண்டும் தவறானவை. ஒன்று, மூன்றாம் பதிப்புக் கோப்புக்கு 1.1 என்ற பெயரில் இணைப்பு ஏற்படுத்துவது. பெயர் பொருந்தும், உள்ளே உள்ள செயற்கூறுகள் பொருந்தா. நிரல் தொடங்காது, அல்லது பாதியில் விழும். மற்றொன்று, பழைய உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து 1.1 பொதியைக் கையால் இறக்கி நிறுவுவது. நிரல் ஓடும். ஆனால் மறையாக்கத்துக்குப் பொறுப்பான நிரலகம் ஒன்று, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வந்துசேராமல் கணினியில் தங்கிவிடும். 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. சரியான வழி அந்த நிரலின் புதிய பதிப்பைத் தேடுவது. அது இல்லையென்றால் பழைய நிரலைக் கொள்கலனுக்குள் (தனக்கான நிரலகங்களோடு கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலுக்குள்) ஓட்டுவது.

ஒரு நிரலுக்கு எந்தெந்த நிரலகங்கள் வேண்டும் என்று பார்க்க 'எல்டிடி' கட்டளை உண்டு. கிடைக்காதவற்றுக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டும். நம்பகமற்ற இடத்திலிருந்து இறக்கிய நிரல்மேல் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும். அதற்கு 'ஆப்ஜ்டம்ப் -பி' பாதுகாப்பானது.

'ஜிலிப்சி_2.38 பதிப்பு கிடைக்கவில்லை' என்று வந்தால் காரணம் வேறு. நிரலைப் புதிய கணினியில் தொகுத்திருக்கிறார்கள், உங்களுடையது பழையது. உபுண்டு 24.04இல் ஜிலிப்சி 2.39, டெபியன் 12இல் 2.36, உபுண்டு 22.04இல் 2.35, ஆர்ஹெல் 8இல் 2.28. பழைய ஜிலிப்சியை நம்பித் தொகுத்தது புதியதில் ஓடும். புதியதை நம்பியது பழையதில் ஓடாது. இந்த நிலையில் ஜிலிப்சியை மட்டும் தனியாக மேம்படுத்த ஒருபோதும் முயலாதீர்கள். கணினியின் ஏறத்தாழ ஒவ்வொரு நிரலும், 'எல்எஸ்' உட்பட, அதன்மேல்தான் நிற்கிறது. நீங்களே நிரலைத் தொகுத்து மற்றவர்களுக்குத் தருபவரானால், ஆதரிக்க நினைக்கும் வழங்கல்களில் மிகப் பழையதில் வைத்துத் தொகுங்கள்.

பைத்தான் பொதிகள்: இன்னொரு பொறுப்பாளர்

பிப் என்பது பைத்தானின் சொந்தப் பொதி மேலாளர். டெபியன் 12, உபுண்டு 23.04 முதலான பதிப்புகளிலும் ஆர்ச்சிலும் 'பிப் இன்ஸ்டால்' கொடுத்தால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். புதியவர்களை இது எரிச்சலூட்டலாம். ஆனால் மிக நல்ல மாற்றம். வழங்கலின் கருவிகள் பலவும் கணினியின் பைத்தானை நம்பியிருக்கின்றன. ஆப்ட் வைத்த பைத்தான் நிரலகத்தின்மேல் பிப் வேறொரு பதிப்பைச் சுமத்தினால், ஒரே பெயருக்கு இரு பொறுப்பாளர்கள் ஆகிவிடுவார்கள். அந்த மறுப்பை மீறும் தேர்வு ஒன்றையும் பிழைச் செய்தியே காட்டும். கணினியின் பொதிகளை உடைப்பதாக அதன் பெயரே சொல்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு கருவியை மட்டும் பயன்படுத்த விரும்பினால் 'பிப்எக்ஸ் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப்'. அது அந்தக் கருவிக்கென்று தனி அறை ஒதுக்கி, அதன் பைத்தான் சார்புகளை அங்கேயே வைக்கும். நீங்களே நிரல் எழுதுகிறீர்கள் என்றால் 'பைத்தான்3 -எம் வென்வ்' என்று கொடுத்து, திட்டக் கோப்புறைக்குள் ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்குங்கள். டெபியன் குடும்பத்தில் இதற்கு 'பைத்தான்3-வென்வ்' பொதியை முன்கூட்டியே நிறுவவேண்டும்.

ஆனால் பிப்பும் பிப்எக்ஸும் பைத்தான் உலகத்துக்குள் மட்டுமே பொதிகளைத் தேடும். டெசராக்ட்டையும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டையும் தமிழ்த் தரவையும் அவை கொண்டுவருவதில்லை. பிப்எக்ஸ் வெற்றி என்று சொன்ன பிறகும் ஓசிஆர்மைபிடிஎஃப் ஓட மறுத்தால், விடுபட்டது இந்தக் கீழ் அடுக்கு. மொழிவாரிப் பொதிகளுக்கு மொழியின் மேலாளர், கணினிவாரிப் பொதிகளுக்கு வழங்கலின் மேலாளர். இரண்டும் தனித்தனி வேலை.

களஞ்சியத்தில் இல்லாதபோது

நான் பின்பற்றும் வரிசை இது. திரைமேசைச் செயலியானால் ஃப்ளாட்பேக். அது தன் நிரலகங்களைத் தனி அடுக்காகக் கொண்டுவருவதால், வழங்கல் எதுவானாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும். முனையக் கருவியானால் பிப்எக்ஸ் போன்ற தனியறை வழி. இரண்டும் பொருந்தாதபோது டிஸ்ட்ரோபாக்ஸ்: ஃபெடோராவில் இருந்தபடியே டெபியன் 12இன் கொள்கலன் ஒன்றை உருவாக்கி, உள்ளே நுழைந்து ஆப்ட்டைப் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டுக் கோப்புறை உள்ளேயும் தெரியும் என்பதால் கோப்புகளை நகர்த்தும் தொல்லை இல்லை. அதே காரணத்தால் இதைப் பாதுகாப்புச் சுவர் என்று எண்ணக் கூடாது. நம்பகமற்ற நிரலை அங்கே ஓட்டினாலும் உங்கள் கோப்புகள் அதன் கைக்கெட்டும் தொலைவில்தான்.

மூலத்திலிருந்து தொகுக்கவே வேண்டுமென்றால், வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் '.லோக்கல்', அல்லது அதற்கு வெளியே 'ஓபிடி' (ஓ, பி, டி என்ற மூன்று எழுத்துகள்) எனப்படும் தனிக் கோப்புறை போன்ற இடத்தை இலக்காகக் கொடுங்கள். 'யூஎஸ்ஆர்' வேண்டாம்.

வெளியார் களஞ்சியங்கள், உபுண்டுவின் பிபிஏ, ஃபெடோராவின் காப்பர், ஆர்ச்சின் ஏயூஆர் ஆகியவற்றில் நல்ல உழைப்பு நிறைய இருக்கிறது. ஆனாலும் அவற்றைச் சேர்ப்பது, முன்பின் தெரியாத ஒருவருக்கு மேலாண்மை உரிமை தருவதற்குச் சமம். ஏயூஆரில் நிறுவுமுன், பொதியைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய 'பிகேஜிபில்ட்' கோப்பைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் சில பத்து வரிகள்தான் இருக்கும். டெபியனில் உபுண்டுவின் களஞ்சியத்தையோ, நிலையான பதிப்பில் சோதனைப் பதிப்பின் களஞ்சியத்தையோ கலக்காதீர்கள். முதல் நாள் எதுவும் நடக்காது. அடுத்த பெரிய மேம்படுத்தலில், எந்த நிரலகம் எங்கிருந்து வந்தது என்று ஆப்ட்டுக்கே தெரியாத நிலை வரும்.

பிறருக்காக எழுதிவைக்கும்போது

உங்கள் நிரலையோ வழிகாட்டியையோ பிறருக்குத் தருவதானால், தேவையான பொதிகளை வழங்கல்வாரியாக, பதிப்பு எண்ணோடு எழுதிவையுங்கள். உங்கள் கணினியில் ஓடுகிறது என்பது சான்றாகாது. முன்னெப்போதோ நிறுவிய பொதி ஒன்று உங்களுக்குத் தெரியாமலே உதவிக்கொண்டிருக்கலாம். கொள்கலன்களை இயக்கும் கருவியான பாட்மேனை நிறுவி, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் ஆகியவற்றின் வெற்றுக் கொள்கலன்களை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். 'பாட்மேன் ரன்' கட்டளையோடு '--ஆர்எம்' தேர்வும் கொடுத்தால், வெளியேறியதும் கொள்கலன் தானே அழிந்துவிடும். உள்ளே, நீங்கள் எழுதிய வரிகளை மட்டும் எழுத்துப் பிசகாமல் கொடுத்து, தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கடைசிவரை ஓட்டிப்பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே விடுபட்ட பொதியைப் பட்டியலில் சேர்த்து, புதிய வெற்றுக் கொள்கலனில் முதலிலிருந்து தொடங்குங்கள். மூன்றிலும் தடையின்றி ஓடிய பிறகு பட்டியலை வெளியிடுங்கள். எந்தப் பதிப்புகளில் சோதித்தீர்கள் என்பதையும் நாளோடு அதன் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள்.